பயத்தை வென்ற அரண்மனை உத்தியோகஸ்தர்

கோயமுத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் ரயில் எட்டிமடையைத் தாண்டியதும், மலைகள் இரு பக்கமும் ஒதுங்கி வழி விடுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையே திறந்து வைத்த பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். அந்த வாசற்படியில் இருக்கும் ஊர் வாளையார். ஒரு பக்கம் சிமெண்ட் ஆலை, ஒரு பக்கம் காடு, நடுவே ரயில் பாதையும் நெடுஞ்சாலையும். தமிழும் மலையாளமும் இங்கே ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொள்கின்றன.

பிழைப்புத் தேடி இந்த வாசலைத் தாண்டி வந்த தமிழர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். கஞ்சிக்கோட்டு ஆலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், ஆபீஸ்களில் பேரேடு எழுதுகிறவர்கள், தெற்கே இடுக்கி மலையில் தேயிலை பறிக்கிறவர்கள் என்று பலர். இவர்கள் எல்லோரும் ஊரிலிருந்து கொண்டு வந்த சாமான்களோடு சாமானாக ஒன்றையும் சேர்த்தே கொண்டு வந்திருக்கிறார்கள். அதுதான் பயம்.

காட்டோரம் இரவு வேலை முடிந்து திரும்புகிறவருக்கு யானையிடம் பயம். யானைக்கோ ரயிலால் ஆபத்து. 2021 நவம்பர் 26-ஆம் தேதி இரவு, நவக்கரை அருகே மங்களூர் - சென்னை ரயில் மோதி மூன்று யானைகள் இறந்ததை இந்தப் பகுதி மக்கள் மறக்கவில்லை. 2020 மே மாதம் கொரோனாக் காலத்தில், பாஸ் இல்லாமல் வந்தவர்கள் இதே வாளையார் செக்போஸ்டில் வெயிலில் காத்து நின்றார்கள். நோய்க்குப் பயந்து மனிதனைக் கண்டு மனிதன் விலகி நின்ற காலம் அது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, லயன் வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாருமே. அதன் பிறகு, இரவில் பலத்த மழை பெய்தால் மலையில் எத்தனை பேர் கண் மூடுகிறார்கள்?

வெளியே தெரியாத பயங்களும் உண்டு. மாற்றல் உத்தரவு வருமோ என்று ஒருவருக்குப் பயம். வட்டிக்கடன் இன்னொருவருக்கு. ஊரில் வயதான தாய். ராத்திரி போன் மணி அடித்தாலே நெஞ்சு திக்கென்கிறது. தங்கை கல்யாணம், மகன் படிப்பு, ஆஸ்பத்திரிச் சீட்டு. பட்டியல் நீளும்.

தெய்வ நம்பிக்கை இந்தப் பயத்தைப் போக்குமா? போக்கும் என்றால் எப்படிப் போக்குகிறது? வெறும் உபதேசமாக இல்லாமல், வாழ்ந்து காட்டிய ஒருவரைக் கொண்டு இதற்கு விடை தேடுவது நல்லது. அப்படிப்பட்ட ஒருவர் இன்னொரு கணவாயில் கிடைக்கிறார். அவரும் சம்பளம் வாங்கிய உத்தியோகஸ்தர்தான்.

இன்னொரு கணவாய்

வாளையாரைப் போலவே தெற்கே ஒரு மலைவாசல் உண்டு. அது ஆரல்வாய்மொழி. பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கும் காற்றைப் போலவே அங்கும் காற்று ஓயாது. இன்று அந்தப் பக்கம் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழல்கின்றன. அந்தக் காலத்தில் அது திருவிதாங்கூர் ராஜ்யத்தின் கிழக்கு எல்லை.

இந்த இரண்டு வாசல்களுக்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, சென்னை ராஜ்யத்தின் மலபார் ஜில்லாவில் இருந்த பாலக்காடு கேரளத்துக்கு வந்தது. அதே நாளில் திருவிதாங்கூர் - கொச்சியில் இருந்த கன்னியாகுமரிப் பகுதி சென்னை ராஜ்யத்துக்குப் போனது. இரண்டு மண்ணிலும் இரண்டு மொழியும் உண்டு.

அந்தக் கன்னியாகுமரிப் பகுதியில் நட்டாலம் என்ற ஊரில் 1712 ஏப்ரல் 23-ஆம் தேதி பிறந்தவர் நீலகண்டன். நாயர் குலத்தவர். படித்தவர், ஆயுதப் பயிற்சி பெற்றவர். அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்ட வர்மா, தலைநகர் பத்மநாபபுரம். அந்த அரண்மனையில் நீலகண்டனுக்கு உத்தியோகம். கணக்கும் கருவூலமும் சேர்ந்த பொறுப்பு. மனைவி பார்கவி அம்மாள். செல்வாக்கு, மரியாதை, நிலபுலன் எதற்கும் குறைவில்லை.

நஷ்டமும் நடுக்கமும்

குறைவில்லாத வீட்டில்தான் பயம் நுழைந்தது. பயிர் பொய்த்தது. ஆடு மாடுகள் மாண்டன. ஒன்றன்பின் ஒன்றாக நஷ்டம். தெய்வக் குற்றமோ, முன் செய்த பாவமோ, யாருடைய கண்ணேறோ என்று மனம் அலைக்கழிந்தது. நஷ்டம் கையிருப்பைத்தான் குறைக்கும். 'அடுத்தது என்னவோ' என்ற பயம் தூக்கத்தையே எடுத்துவிடும். கடன்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முகம் வாடி வேலைக்கு வந்த நீலகண்டனிடம், "என்ன சமாசாரம்?" என்று கேட்டவர் ஒரு வெளிநாட்டுக்காரர். பெயர் டிலனாய். டச்சுக் கம்பெனியின் படைத்தலைவராக வந்து, 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுக் கைதியானவர். அவருடைய திறமையைக் கண்ட மகாராஜா, அவரைக் கொண்டே தம் படைக்குப் புதுமுறைப் பயிற்சி கொடுத்தார். உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார். கைதியாக வந்தவர் 'வலிய கப்பித்தான்' ஆனார்.

இந்த டிலனாயின் நிலைமையைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். தோற்றுப்போன சேனைத் தலைவர். சொந்த ஊருக்குத் திரும்ப வழியில்லை. பாஷை தெரியாத தேசம். எந்த ராஜாவோடு போர் செய்தாரோ அந்த ராஜாவின் கையிலேயே சம்பளம். பயப்படுவதற்குக் காரணம் வேண்டுமானால் நீலகண்டனைவிட அவருக்கே அதிகம் இருந்தது. ஆனால் அவர் நிதானமாக இருந்தார். அந்த நிதானம் நீலகண்டன் கண்ணில் பட்டது.

யோபுவின் கதை

டிலனாய் தாயத்து எதுவும் கொடுக்கவில்லை. பரிகாரமும் சொல்லவில்லை. வேதாகமத்தில் உள்ள யோபுவின் கதையைச் சொன்னார்.

யோபு நல்லவர், செல்வந்தர். எருதுகள், ஒட்டகங்கள், பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்தார். பிறகு உடம்பெல்லாம் புண். பார்க்க வந்த நண்பர்கள், "நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், அதனால்தான் இப்படி" என்று சாதித்தார்கள். யோபு அதை ஒப்புக்கொள்ளவில்லை. அழுதார், கடவுளோடு வழக்காடினார். ஆனால் கடவுளை விட்டுவிடவில்லை. கடைசியில் கடவுள் குற்றம் சாட்டியது யோபுவை அல்ல, அந்த நண்பர்களைத்தான்.

இந்தக் கதையில் ஒரு பெரிய விடுதலை இருக்கிறது. துன்பம் வந்தவன் எல்லாம் தண்டனை பெற்றவன் என்ற எண்ணத்தை அது உடைக்கிறது. பெட்டிமுடியில் மண்ணுக்குள் போனவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஒன்றுமில்லை. 'ஏன்' என்ற கேள்விக்கு யோபுவின் கதை விடை சொல்வதில்லை. ஆனால், 'கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்' என்ற பயத்துக்கு அது மருந்து சொல்கிறது.

அந்த மருந்து நீலகண்டனுக்குப் பலித்தது. நஷ்டமான மாடுகள் திரும்பி வரவில்லை. மனம் திரும்பி வந்தது.

கணவாய் தாண்டிய பயணம்

கிறிஸ்தவராக வேண்டும் என்று நீலகண்டன் முடிவு செய்தார். அரண்மனையில் உயர்ந்த இடத்தில் இருப்பவருக்கு அது சாமானிய முடிவல்ல. டிலனாய் கொடுத்த கடிதத்தோடு ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே நடந்தார். திருநெல்வேலிச் சீமையில் உள்ள வடக்கன்குளத்தில் அப்போது சேசு சபைக் குருவானவர் புத்தாரி இருந்தார். 1745 மே 14-ஆம் தேதி அவர் கையால் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். பெயர் தேவசகாயம். 'லாசர்' என்ற வேதாகமப் பெயரின் பொருளைத் தமிழில் தந்த பெயர் அது. அப்போது அவருக்கு வயது 33.

பார்கவி அம்மாள் முதலில் தயங்கியதாகவே கூறப்படுகிறது. உற்றார் உறவினர் என்ன சொல்வார்களோ என்ற பயம் பெண்களுக்கு இன்னும் அதிகம் அல்லவா? பின்னர் அவரும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ அம்மாள் ஆனார்.

தேவசகாயம் உத்தியோகத்தை விட்டுவிடவில்லை. வேலை பார்த்துக்கொண்டே, தான் அடைந்த அமைதியைப் பற்றி மற்றவர்களிடம் பேசினார். எந்தச் சாதியார் ஆனாலும் சமமாகப் பழகினார். கூட இருந்து உண்டார். கண்டாலே தீட்டு என்று ஒதுங்கிய காலம் அது. பெரிய குலத்தில் பிறந்த ஓர் அதிகாரி இப்படி நடப்பதை அரண்மனையில் பலரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எருமை மேல் ஊர்வலம்

1749 பிப்ரவரி 23-ஆம் தேதி தேவசகாயம் கைது செய்யப்பட்டார். அன்று தொடங்கிய சித்திரவதை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நீடித்தது. நாளுக்கு நாள் கசையடி. புண்ணில் மிளகாய்ப் பொடி. குடிக்கத் தேங்கிக் கிடந்த தண்ணீர். எருமை மேல் பின்புறம் பார்த்து உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராகக் கொண்டு போனார்கள் என்று அந்தப் பகுதியின் வாய்மொழி வரலாறு கூறுகிறது.

இந்த எருமைச் சவாரியின் நோக்கத்தைக் கவனிக்க வேண்டும். அடி உடம்புக்கு, ஊர்வலம் மானத்துக்கு. நேற்று வரை வணங்கி நின்றவர்கள் முன்னால் தலைகுனிய வைத்தால், அந்த அவமானத்துக்குப் பயந்தே மனிதன் உடைந்துவிடுவான் என்பது கணக்கு. உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு இது புரியும். பத்துப் பேர் நடுவில் மேலதிகாரி ஏசிவிட்டால் அன்று சோறு இறங்குகிறதா?

தேவசகாயம் உடையவில்லை. ஊர்வலம் போன ஊர்களில் எல்லாம் ஜனங்கள் அவரைப் பார்த்தது சிரிப்பதற்காக அல்ல. நாளாக நாளாக ஆறுதல் கேட்டு வரத் தொடங்கினார்கள். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் அவரைக் கட்டி வைத்திருந்ததாகவும், பட்டுப்போயிருந்த அந்த மரம் துளிர்த்ததாகவும் சொல்கிறார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது, பாறையில் முழங்கையால் இடிக்க நீர் சுரந்ததாக ஒரு கதை. அந்த இடத்தை 'முட்டிடிச்சான் பாறை' என்று இன்றும் அழைக்கிறார்கள். இவற்றை நம்புவதும் நம்பாததும் அவரவர் மனத்தைப் பொறுத்தது. ஆனால் கட்டி வைக்கப்பட்ட கைதியைத் தேடி, கட்டில்லாத மனிதர்கள் ஆறுதலுக்குப் போனார்கள் என்பதே எல்லாவற்றையும்விடப் பெரிய அற்புதம்.

கடைசியாக அவரை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோனார்கள். எந்தக் கணவாயைத் தாண்டி அமைதியைத் தேடிப் போனாரோ அதே கணவாய். 1752 ஜனவரி 14-ஆம் தேதி, அங்குள்ள காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 39. சுடப்படுவதற்கு முன் ஜெபம் செய்ய நேரம் கேட்டு, பாறையில் முழந்தாளிட்டார் என்று கூறப்படுகிறது. காட்டில் எறியப்பட்ட உடலின் எச்சங்களைச் சில நாட்கள் கழித்து எடுத்துக் கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்தார்கள். அவருடைய மரணத்தைப் பற்றிக் கொச்சி மேற்றிராணியார் 1756-ஆம் ஆண்டு ரோமுக்கு எழுதிய அறிக்கையும் இருக்கிறது.

ஒரு விவாதம்

மார்த்தாண்ட வர்மா மத துவேஷம் கொண்டவர் அல்லர் என்றும், தேவசகாயத்தின் மீது ராஜ துரோகக் குற்றச்சாட்டு இருந்தது என்றும் வாதிடும் சரித்திர ஆசிரியர்கள் உண்டு. டிலனாய் என்ற கிறிஸ்தவர் கடைசி வரை அரசாங்க சேவையில் உயர்ந்த பதவியில் இருந்தது மெய்தான். அவர் 1777-ல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துக்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையோ ஆவணங்களையும் மரபையும் ஆராய்ந்து, விசுவாசத்துக்காகவே தேவசகாயம் உயிர் கொடுத்தார் என்று முடிவு கண்டது. 2012 டிசம்பர் 2-ஆம் தேதி நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டது. 2022 மே 15-ஆம் தேதி ரோமாபுரியில் போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். துறவியோ குருவோ அல்லாத, குடும்பஸ்தரான இந்தியர் ஒருவர் புனிதரானது அதுவே முதல் தடவை. தமிழக அமைச்சர்களும் அந்த விழாவில் கலந்துகொண்டார்கள்.

புனிதர் பட்டத்துக்கு முன்னால் இன்னொன்றும் நடந்தது. அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டம் நீக்கப்பட்டது. எல்லோரோடும் சமமாக உட்கார்ந்தவரின் பெயரில் சாதி எதற்கு என்று விண்ணப்பங்கள் போயின. ரோமாபுரி அதை ஏற்றுக்கொண்டது.

சுவருக்குள் இருந்த பயம்

சாதியைப் பற்றிச் சொல்லும்போது வடக்கன்குளத்தைப் பற்றி ஒரு கசப்பான உண்மையையும் சொல்லத்தான் வேண்டும். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கோவிலில், சாதிக்கு ஒரு பக்கம் என்று நடுவே தடுப்புச் சுவர் இருந்தது. அந்தச் சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து வழக்கும் நடந்தது.

ஞானஸ்நானம் பெற்றால் மட்டும் பயம் போய்விடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அருகில் அடுத்தவன் வந்து உட்கார்ந்தால் என் மரியாதை போய்விடுமோ என்பதும் பயம்தான். அந்தப் பயம் மதம் மாறினாலும் கூடவே வரும். மாநிலம் மாறினாலும் கூடவே வரும். உள்ளத்தில் அமைதி வந்தவனுக்குத்தான் சுவர் தேவையில்லை.

இன்னொரு சிறை

தேவசகாயத்தோடு அதே நாளில், அதே மேடையில் புனிதராக அறிவிக்கப்பட்டவர்களில் டைட்டஸ் பிராண்ட்ஸ்மா என்ற டச்சுக் குருவும் ஒருவர். அவர் பத்திரிகைகளோடு தொடர்புள்ளவர் என்பதால் பத்திரிகை வாசகர்கள் அவரைத் தெரிந்துகொள்வது நல்லது. ஹிட்லரின் படை ஹாலந்தைப் பிடித்திருந்தபோது, நாஜிகளின் பிரசாரத்தைக் கத்தோலிக்கப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்று ஆசிரியர்களை நேரில் சந்தித்துச் சொன்னவர் அவர். அதற்காக 1942 ஜனவரியில் கைதானார். அதே ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி, டாக்காவ் சிறைமுகாமில் விஷ ஊசி போட்டுக் கொல்லப்பட்டார். ஊசி போட்ட நர்ஸுக்கே தம்முடைய ஜெபமாலையைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பின்னாளில் சாட்சியமாகச் சொன்னவர் அந்த நர்ஸேதான்.

தேசம் வேறு, காலம் வேறு. மனம் ஒன்றே. இருவருக்கும் ஆபத்து நீங்கவில்லை. ஆனால் ஆபத்து அவர்களைத் தனக்கு அடிமையாக்கவும் இல்லை. இது நமக்குப் புதிய செய்தியும் அல்ல. சுண்ணாம்புக் காளவாயில் போட்டபோதும், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தபோதும் கலங்காத திருநாவுக்கரசரின் வரலாற்றைத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறார்கள். தேவசகாயம் கிறிஸ்துவிடத்தில் கண்ட அமைதியை இந்து வாசகர்களும் முஸ்லிம் வாசகர்களும் அந்நியமாக எண்ண வேண்டிய அவசியமில்லை.

எச்சரிக்கை வேறு, பயம் வேறு

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். பயமே கூடாதென்றால் யானை வரும் பாதையில் ராத்திரி தனியாக நடக்கலாமா? கூடாது. சிவப்பு விளக்கைக் கண்டதும் டிரைவர் வண்டியை நிறுத்துவது பயத்தினால் அல்ல, பொறுப்பினால். வாளையார்க் காட்டுப் பகுதியில் இரவில் ரயில்கள் வேகத்தைக் குறைத்துப் போகின்றன. பாதைக்கு அடியில் யானைகள் கடக்க வழி அமைத்திருக்கிறார்கள். 2024 முதல் மதுக்கரைப் பகுதியில் கேமராக்கள் யானை நடமாட்டத்தைப் பார்த்து உடனுக்குடன் தகவல் தருகின்றன. எச்சரிக்கை கையையும் காலையும் இயக்கும். பயம் அவற்றைக் கட்டிப்போடும். ஜெபம் செய்கிறவனும் சிக்னலைப் பார்த்தே ஆக வேண்டும்.

நோய்க்கும் இதுவே நியாயம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலூர் ஆஸ்பத்திரியை ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை கொண்டவர். ஒரே இரவில் பிரசவத்துக்குத் துணை இல்லாமல் மூன்று பெண்கள் இறந்ததைக் கேட்டுக் கலங்கியவர், ஜெபத்தோடு நின்றுவிடாமல் அமெரிக்கா சென்று டாக்டருக்குப் படித்துத் திரும்பினார். ஆகவே தூக்கமே வராமல், நெஞ்சு படபடத்து, வேலை ஓடாமல் வாரக்கணக்கில் தவிக்கிறவர்கள் டாக்டரைப் பார்ப்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது. பயத்தைக் காட்டியே பணம் பறிக்கும் ஆசாமிகள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். "இவ்வளவு காணிக்கை வைத்தால் உன் கஷ்டம் தீரும்" என்று ஒருவன் சொன்னால், அவன் யோபுவின் நண்பர்களுக்குச் சொந்தக்காரன் என்று தெரிந்துகொள்ளலாம். டிலனாய் கதை சொன்னதற்குக் கட்டணம் வாங்கவில்லை.

பக்கத்து மேஜைக்காரர்

பாலக்காட்டின் கிழக்குப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வாழ்கிறார்கள். 2013 டிசம்பரில் இந்தப் பகுதிக்கென்றே சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவாயிற்று. தமிழரான பீட்டர் அபீர் அந்தோணிசாமி அதன் முதல் ஆயரானார். இடுக்கியில் 1898-ல் ஆரம்பித்த மூணாறு கார்மல் மாதா ஆலயம் தோட்டத் தொழிலாளர்களின் கண்ணீரை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கண்டிருக்கிறது. கோவிலுக்குப் போக இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையும் இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை காலை பயம் மறுபடி வந்து உட்காருகிறதே, என்ன செய்வது?

தேவசகாயத்தின் வாழ்க்கையில் எல்லாம் ஆரம்பித்த இடத்தை மறுபடி பார்க்க வேண்டும். அது கோவில் அல்ல. காட்டுக் குகையும் அல்ல. வேலை செய்யும் இடம். உடன் வேலை பார்த்த ஒருவர், "ஏன் முகம் வாடியிருக்கிறது?" என்று கேட்டார். மற்றவர் கௌரவம் பாராமல் உள்ளதைச் சொன்னார். கேட்டவர் ராஜாவின் கைதி. சொன்னவர் ராஜாவின் அதிகாரி. பதவி, பாஷை, தேசம் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. அந்த ஒரு பேச்சு நடக்காமல் இருந்திருந்தால் நட்டாலத்து நீலகண்டன் நஷ்டக் கணக்கையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.

பயம் தனிமையில்தான் வளரும். வெளியூர்ப் பிழைப்பில் தனிமைக்குக் குறைவில்லை. லாட்ஜ் அறையில் நாலு பேர் தங்கியிருந்தாலும், நாலு பேரும் தனித்தனியே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதுண்டு. ஊருக்குப் போன் செய்தால், "இங்கே சௌக்கியம்" என்றுதான் சொல்ல முடிகிறது. அங்கே பயப்படுவார்களே என்று. ஆகவே உள்ளதைச் சொல்ல ஓர் ஆள் இங்கேயே வேண்டும். பக்கத்து மேஜைக்காரர், கூட ஷிப்ட் பார்ப்பவர், எதிர்வீட்டு மலையாளி நண்பர், யாராக இருந்தாலும் சரி. கேட்கிறவர் பெரிய ஞானியாக இருக்க வேண்டியதில்லை. தானும் ஒரு முறை தோற்றவராக, தோற்ற பிறகும் நிமிர்ந்து நிற்பவராக இருந்தால் போதும்.

நம்பிக்கையுள்ளவர்கள் அடுத்த படியையும் ஏறுவார்கள். மனிதரிடம் சொன்னதை இறைவனிடமும் சொல்வார்கள். அப்படிச் சொல்லிவிட்டு எழுந்தால் கடன் தீர்ந்திருக்காது, மாற்றல் உத்தரவு ரத்தாகியிருக்காது. ஆனால் அவற்றின் முன்னால் நிற்கும் ஆள் மாறியிருப்பார். மூன்றாண்டு சித்திரவதையில் தேவசகாயத்தைத் தாங்கியது அதுதான்.

கோட்டாறு கோவிலில் அவருடைய கல்லறை இருக்கிறது. அவர் மாண்ட ஜனவரி 14 இப்போது பொங்கலை ஒட்டி வருகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள், முடிந்தால் ஆரல்வாய்மொழியில் இறங்கிக் காற்றாடி மலைக்கும் போய் வரலாம். போக முடியாதவர்களுக்கும் ஒரு காரியம் இருக்கிறது. நாளைக் காலை வேலைக்குப் போனதும் பக்கத்தில் இருப்பவர் முகத்தை ஒரு தடவை பார்ப்பது. வாடியிருந்தால், "என்ன சமாசாரம்?" என்று கேட்பது. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.